மோசமான வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

போன வாரம் ஒரு தங்கச்சி இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள், அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஆசை. "நேரமே இல்லைக்கா, எப்படிக்கா படிச்சீங்க?" இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபடிதான் படித்தேன். காலை 9.30 முதல் இரவு 9 வரை கடை. வீட்டில் மாமியார், கணவர், பள்ளிக்குப் போகும் பையன். 2019 செப்டம்பரில் முதல் முறை எழுதினேன், கிடைக்கவில்லை. அடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலை 24-ல்தான் நடந்தது. இடையில் கிட்டத்தட்ட மூன்று வருடம். தேதியும் தெரியாது, அறிவிப்பும் கிடையாது. "தேர்வே இல்லையே, எதுக்குப் படிக்கிற?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. 2022 மார்ச் 30-ல் அறிவிப்பு வந்தபோது தேர்வுக்கு இருந்தது 116 நாள்.

அந்த 116 நாளில் ஊரே படித்தது. 7,301 பணியிடங்களுக்குச் சுமார் 22 லட்சம் விண்ணப்பங்கள். ஆனால் யாரும் நம்மைக் கேள்வி கேட்காத அந்த மூன்று வருடத்தில் என்ன செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். கடைக்கு லேட்டாகப் போனால் சூப்பர்வைசர் கேட்பார், சமையல் லேட்டானால் மாமியார் கேட்பார். தேர்வுக்காக இன்றைக்கு ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தாயா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நீண்டகால இலக்கு எப்போதும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வது இதனால்தான்.

முதல் முறை நான் செய்த தப்பு என்னவென்றால், அட்டவணையை நல்ல வாரத்தை நினைத்துப் போட்டேன். காலை 4 மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம், இரவு கடை முடிந்து வந்து ஒரு மணி நேரம். பத்து நாள் ஓடியது. அப்புறம் பையனுக்குக் காய்ச்சல், அதன் பிறகு ஆடித் தள்ளுபடி. நாள் முழுக்க நின்ற கால் இரவில் வீங்கிப்போய் இருக்கும்போது 4 மணி அலாரம் எப்படிக் கேட்கும்? ஒரு நாள் விட்டேன், மூன்று நாள் விட்டேன். பிறகு அந்த அட்டவணையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தூக்கத்தை வெட்டி எடுக்கிற நேரம் கடன் மாதிரி, வட்டியோடு திரும்பப் போய்விடும். இதை இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது முறை ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒரு வாரம் முழுக்க என் நாள் எப்படிப் போகிறது என்று எழுதினேன். திட்டம் எதுவும் போடவில்லை, நடந்ததை மட்டும் எழுதினேன். அப்போதுதான் பஸ் கண்ணில் பட்டது. ஊரிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் 40 நிமிடம். பையனுக்குக் காய்ச்சல் என்றாலும் தீபாவளி என்றாலும் நான் கடைக்குப் போகும் நாளெல்லாம் அந்த 40 நிமிடம் இருந்தது. அதைத் தமிழுக்குக் கொடுத்தேன். 200 கேள்விகளில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். இருக்கிற நல்ல நேரம் அங்கேதான் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் கணக்கு. தள்ளுபடி சதவீதமெல்லாம் கடையில் தினமும் பார்ப்பதுதானே, அந்தப் பாடம் எனக்குச் சுலபமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் இரண்டு மணி நேரம், பழைய பாடத்தைத் திரும்பப் பார்க்க மட்டும். திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தைத் தொட மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு காலையில் படித்ததை நினைத்துப் பார்ப்பேன், தூக்கம் வந்தால் தூங்கிவிடுவேன்.

வாரத்துக்கு எட்டு மணி நேரம். அவ்வளவுதான்.

ஆடியிலும் ஐப்பசியிலும் அதுவும் குறையும். மதிய 20 நிமிடம் போய்விடும், ஞாயிறும் கடை இருக்கும். அந்த மாதங்களில் பஸ் மட்டும் போதும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்தேன். அப்படி எழுதி வைத்ததால் விட்டுவிட்டோமே என்ற எண்ணமே வரவில்லை. தீபாவளி முடிந்த திங்கட்கிழமை பழையபடி தொடங்க முடிந்தது.

எனக்கே புரியாமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கடை மூடினார்கள். இனி நாள் முழுக்க நமக்குத்தான், ஆறு மாதப் பாடத்தை இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் மிகக் குறைவாகப் படித்தது அந்த மாதங்களில்தான். பஸ் இல்லை, அதனால் பஸ்ஸில் ஏறியதும் தானாகத் திறந்த புத்தகமும் திறக்கவில்லை. காலையில் படிக்கலாம் என்றால் மதியம், மதியம் என்றால் சாயங்காலம் என்று தள்ளிக்கொண்டே போனது. சம்பளம் வராத கவலை வேறு. வேலையை விட்டுவிட்டு நான்கைந்து வருடமாக நூலகத்தில் முழுநேரமும் உட்கார்ந்து படிக்கும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாதங்கள்தான் ஞாபகம் வரும். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. முழு நாளையும் ஒரே காரியத்துக்குக் கொடுத்தால், நாளைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. பெற்றவர்கள் தயவுசெய்து அவர்களைத் திட்டாதீர்கள். பகுதிநேரமாக ஒரு வேலை தேடிக் கொடுங்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் அந்தக் காசில் பழைய வினாத்தாள் தொகுப்பு வாங்கினேன்.

கடைசியில் கூட்டிப் பார்த்தேன். ஊரடங்கு, பண்டிகை, மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் கழித்தால் சுமார் 110 வாரம், 880 மணி நேரத்துக்குள். நாளுக்கு எட்டு மணி நேரம் படிப்பவருக்கு அது 110 நாள். அறிவிப்புக்குப் பிறகு கிடைத்த 116 நாளும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய நேரமும் கிட்டத்தட்ட அதுதான். வேலையை விட என்னால் முடியாது. ஆனால் அதே நேரம் பஸ்ஸிலும் மதியத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலுமாகக் கிடைத்திருக்கிறது. 2023 மார்ச்சில் முடிவு வந்தது. இப்போது தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்.

இன்னொன்று. 2022-லும் வரவில்லை என்றால் இன்னும் ஒரே ஒரு முறை, அதோடு நிறுத்திவிடலாம் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். இது பலருக்குப் பிடிக்காது, விடாமுயற்சி இல்லை என்பார்கள். எனக்கு அந்த எல்லைதான் நிம்மதி கொடுத்தது. வீட்டில் இருப்பவர்களும் எத்தனை நாளைக்கு என்று தெரிந்தால்தான் தோள் கொடுப்பார்கள்.

தங்கச்சி, அட்டவணை போடாதே. முதலில் ஒரு வாரத்தை நடந்தபடியே எழுது, அதுவும் மாதத்தின் முதல் வாரத்தை, உன் கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் வாரத்தை. அதில் எது மிஞ்சுகிறது என்று பார்த்து எனக்கு அனுப்பு.

வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு எந்த நேரம் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள், அவள் படிப்பாள்.