நட்டை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

வாகனம் முன்னால் ஒரு பக்கம் பதிஞ்சு நிற்குது என்று வன்னியில் எந்தக் கராஜுக்குக் கொண்டுபோனாலும் ஒரே பதில்தான். “தம்பி, ரோர்சன் பாரை ரெண்டு சுத்து இறுக்கிவிட்டாச் சரி.” அளவுநாடா எடுத்து அளக்கிறதில்லை. ரயரில் காற்றுச் சமமா என்று பார்க்கிறதில்லை. சில்லு நிலத்தில் அழுத்திக்கொண்டு நிற்க, அப்படியே கீழே படுத்து, ஸ்பனரில் ஒரு பைப்பையும் செருகி இழுக்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

என்னிடம் இருப்பது பழைய ரூவீல் ஹைலக்ஸ் பிக்கப், பின்சில்லு இரண்டும் மட்டும் இழுக்கிறது. முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. ஒரு நுனி சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆடுகிற கையிலும் மறுநுனி அடிச்சட்டமான சேசிஸிலுமாக ஒரு நீட்டு இரும்புக் கம்பி, அதுதான் ரோர்சன் பார். அது முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது. பின்நுனிப் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் எழும்பும், தளர்த்தினால் பதியும். அவ்வளவுதான். இறுக்கினால் கூடப் பாரம் ஏற்றலாம் என்கிறவர்களோடு எப்படிப் பேசுவது? கம்பியின் பலம் அதன் தடிப்பிலும் நீளத்திலும் இருக்கிறது, நட்டில் இல்லை.

காலபோக அறுவடை முடிந்த கையோடு என் வாகனத்தையும் இப்படித்தான் தூக்கிவிட்டார்கள். பார்க்க எடுப்பாகத்தான் நின்றது. ஒட்டுசுட்டான் தாண்டிக் கிரவல் றோட்டில் இறங்கினால், பள்ளத்துக்குப் பள்ளம் மேல்கை ஸ்டொப்பர் றப்பரில் ‘டங்’ என்று அடிக்கிறது. சில்லு கீழே இறங்க இடம் மிச்சமில்லையே, அடிக்காமல் என்ன செய்யும்? இரவில் லைட் எதிரே வருகிறவனின் கண்ணில். கொஞ்ச நாளில் புது ரயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டை. உயரம் மாறினால் சில்லின் சாய்வும் மாறும், சில்லு நேராக நிற்கிறதா என்று எலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயர் விற்கிற விலையில்! போய்க் கேட்டால், “றோட்டுத்தான் தம்பி பிழை.”

கடைசியில் பார்த்தால் முறிந்திருந்தது பின்னால் பாரம் தாங்குகிற வலப்பக்க வில்லுத்தகடு! அந்தப் பக்கம் பின்னுக்கு இறங்க, முன்னும் சேர்ந்து சரிந்திருக்கிறது. நெல் மூட்டையும் மணலும் இழுக்கிற வண்டியில் தகடு முறியாமல் இருக்குமா? அதைக் குனிந்து பார்க்க எத்தனை நிமிடம் வேணும்?

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. வெறும் வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்து, இரண்டு பக்கமும் அள. மட்கார்ட் விளிம்பை நம்பாதே, பழைய வண்டியில் அது எங்கெங்கோ இடிபட்டு நெளிந்திருக்கும். கீழ்க்கைப் போல்ட் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பார். பிறகு ஜக் போட்டுச் சேசிஸை ஸ்ராண்டில் ஏற்றி, சில்லுத் தொங்கின பிறகு திருப்பு. பாரத்தோடு திருப்பினால் போல்ட்டின் புரி போய்விடும். இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கிவிட்டுத் திரும்ப அள. கம்பியைக் கழற்றினால் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிடாதே. அதில் குறியே இருக்கிறது.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. திறந்தும் என்ன, எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுகிற விலையா அது? இந்தப் பழசை வைத்துத்தான் உழைக்கிறோம், அதையும் நாசமாக்கிக் கூலி கேட்கிறார்கள். இனி அளந்த கணக்கைக் கையில் தராத எவருக்கும் என் வண்டிக்கடியில் படுக்க இடமில்லை.