மேப்ப மாத்தாம ஆட்சிய மாத்துன நாடு

மண்டேலா பிறந்தநாள் வந்தா போதும், நம்ம டைம்லைன்ல ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒண்ணு மன்னிப்பு, வானவில் தேசம்னு மாலை போடும். இன்னொண்ணு "வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் கரண்டாவது ஒழுங்கா வந்துச்சு, இப்ப பாரு"ன்னு ஆரம்பிக்கும். இவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், யார் வீட்டுக்குய்யா வந்துச்சு? 1994ல தென்னாப்பிரிக்காவுல வெள்ளையரோட நிறவெறி ஆட்சி முடியறதுக்கு முன்னாடி பெரும்பாலான கறுப்பின வீடுகள்ல கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது. மன்னிப்பு கோஷ்டிக்கும் ஒரு தகவல். அந்த ஆட்சிக் காலத்துக் குற்றங்கள விசாரிக்க ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில உக்காந்த உண்மை அறியும் ஆணையத்துக்கு 7,000 பேருக்கு மேல மன்னிப்பு கேட்டு மனு போட்டாங்க, கெடச்சது கொஞ்சப் பேருக்குத்தான். சரி, மீதி ஆளுங்க ஜெயிலுக்குப் போனாங்களான்னா அதுவும் இல்ல, நடந்த கேஸ விரல் விட்டு எண்ணிடலாம். பாதிக்கப்பட்டவங்களுக்கு 2003ல ஆளுக்கு 30,000 ராண்ட் கொடுத்து கணக்க முடிச்சாச்சு.

என்னைக் கேட்டா தென்னாப்பிரிக்காவோட பிரச்சனை மண்டேலாவும் இல்ல கரண்டும் இல்ல, நிலம். 1913ல ஒரு சட்டம் போட்டு நாட்டோட பெரும்பான்மை மக்களுக்கு 7 சதவீத நிலம்தான்னு ஒதுக்குனாங்க, 1936ல போனாப் போகுதுன்னு 13 ஆக்குனாங்க. 1950ல இன்ன இனம் இன்ன ஏரியாவுலதான் குடியிருக்கணும்னு இன்னொரு சட்டம். கேப் டவுன்ல டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்னு ஒரு ஏரியா, எல்லா இனமும் கலந்து கெடந்த இடம், 1966ல வெள்ளையர் பகுதின்னு அறிவிச்சு 60,000 பேருக்கு மேல வெளிய தூக்கிப் போட்டாங்க. டர்பன் கேட்டோ மேனர்ல காய்கறித் தோட்டம் போட்டுப் பொழச்ச இந்தியர்கள சாட்ஸ்வொர்த்துக்கு வெரட்டுனாங்க. அதுல 1860ல இருந்து மெட்ராஸ்ல கப்பலேறி கரும்புக் காட்டுக்கு கூலியா போன நம்ம சனங்களோட பேரப்பிள்ளைங்களும் உண்டு.

1994 ஒப்பந்தத்துல ஓட்டு எல்லாருக்கும் வந்துச்சு, ஆனா சொத்துரிமையில பெருசா கை வைக்கல. அஞ்சு வருஷத்துல 30 சதவீத விவசாய நிலத்த கைமாத்துவோம்னு ஆட்சிக்கு வந்த மண்டேலாவோட ஏஎன்சி கட்சி சொல்லுச்சு, ஆனா விக்கிறவன் இஷ்டப்பட்டு வித்தாதான், அதுவும் மார்க்கெட் ரேட்டுக்கு. எங்க நடக்கும்? 2017ல அரசாங்கமே எடுத்த கணக்குல தனிநபர் பேர்ல இருக்குற பண்ணை நிலத்துல 72 சதவீதம் வெள்ளையர் கையில, மக்கள்தொகையில அவங்க 7 சதவீதம் சொச்சம்.

வீடு கட்டலையான்னா கட்டுனாங்க, 30 லட்சத்துக்கு மேல இலவச வீடு, சாதாரண விஷயம் இல்ல. ஆனா எங்க கட்டுனாங்கன்னு பாருங்க, நிலம் மலிவா கெடச்ச ஊர்க்கோடியில, அதாவது பழைய அரசாங்கம் கொண்டு போய் தள்ளுன அதே பக்கத்துல. வேலை சிட்டியில, வீடு அங்க, விடியறதுக்கு முன்னாடி மினிபஸ் டாக்ஸிக்கு க்யூ, கூலியில பெரிய பங்கு டிக்கெட்டுக்கே போயிடும். வெள்ளைக்காரன் போட்ட மேப்புக்கு இவங்க காங்கிரீட் ஊத்திக் கொடுத்திருக்காங்க, எனக்கு கோவம் வர்றது இங்கதான்.

1996 அரசியல் சாசனம் அருமையான சாசனம், மதிச்சு வளர்க்க வேண்டிய மொழிகள் லிஸ்ட்ல தமிழ் பேர கூட போட்டிருக்காங்க, நம்மாளுங்க அத ஷேர் பண்ண தவற மாட்டாங்க. ஆனா ஐரீன் க்ரூட்பூம் கதைய யாரும் ஷேர் பண்ணி நான் பாக்கல. கேப் டவுன் பக்கம் வாலஸ்டீன்ல தண்ணி தேங்குற சேரியில இருந்தவங்க, பக்கத்துல காலி நிலத்துல குடிசை போட்டாங்க, 1999ல குளிர்காலம் தொடங்குற நேரம் புல்டோசர் வந்து இடிச்சு கொளுத்திட்டுப் போச்சு. விளையாட்டு மைதானத்துல பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில கெடந்துக்கிட்டே கோர்ட்டுக்குப் போனாங்க, 2000ல அரசியல் சாசன கோர்ட்ல ஜெயிச்சும் காட்டுனாங்க. இன்னைக்கு வீட்டுரிமைன்னு பேச்செடுத்தா பல நாட்டு சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு அது. அந்தம்மா 2008ல செத்தப்பவும் குடிசையிலதான் இருந்தாங்க.

ஏஎன்சிக்கு நான் வக்காலத்து வாங்கல. ஏஎன்சி அதிபர் ஜுமா காலத்துல இந்தியாவுல இருந்து போன தொழிலதிபர் குப்தா குடும்பம் அமைச்சர் பதவி வரைக்கும் பேரம் பேசுனது, 2012ல மரிக்கானா சுரங்கத்துல கூலி கேட்டு நின்னவங்கள்ல 34 பேர ஒரே நாள்ல போலீஸ் சுட்டுக் கொன்னது, இதெல்லாம் நிறவெறி ஆட்சி மேல தூக்கிப் போட முடியாது. ஜனங்களும் விட்டு வைக்கல, 1994ல 62 சதவீதம் வாங்குன கட்சிய 2024ல 40க்கு இறக்கி கூட்டணிக்கு அலைய விட்டாங்க.

கடைசியா ஒண்ணு, நம்மாளுங்க ரசிக்க மாட்டாங்க. 2021 ஜூலையில ஜுமா ஜெயிலுக்குப் போனதும் டர்பன் பத்தி எரிஞ்சப்ப, இந்தியர்கள் அதிகமா இருக்குற ஃபீனிக்ஸ்ல 36 பேர் செத்தாங்க, பெரும்பாலும் கறுப்பினத்தவர். ஃபீனிக்ஸ இந்தியர்களுக்குன்னும் பக்கத்துல இருக்குற க்வாமாஷுவ கறுப்பினத்தவருக்குன்னும் பிரிச்சு வச்சது அதே நிறவெறி அரசாங்கம்தான். போலீஸ் காணாமப் போன ஊர்ல பயம் வரத்தான் செய்யும், வாசல்ல காவல் நின்ன இந்தியர்கள் எல்லாரையும் கொலைகாரன்னு நான் சொல்லல. ஆனா ரோட்ட மறிச்சு நிறம் பாத்து வண்டிய நிறுத்துறதுக்குப் பேரு தற்காப்பு இல்ல. அந்த வாரம் அத வீரம்னு ஃபார்வர்ட் பண்ணவங்கள்ல எங்க சொந்தக்காரங்களே சில பேர், இப்ப மண்டேலா படம் போடுறதும் அவங்கதான்.