கினிப் பன்றியின் வலிப்பை இரும்புச் சாவி நிறுத்துமா?

“கினிப் பன்றிக்கு வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தொட வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றுங்கள்” என்று புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. வலிப்பு பெரும்பாலும் தானாகவே அடங்குகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. ஊற்றும் தண்ணீரோ நுரையீரலுக்குள் இறங்கி உயிரையே பறிக்கலாம்.

பலர் கவனிக்காத காரணம் சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தோலைத் துளைத்துக் குடியேறும். அரிப்பு தாங்காமல் சொறிந்து சொறிந்தே அந்தச் சின்ன உயிர் துடித்து விழும். முடி கொட்டியிருக்கிறதா, தொட்டாலே துள்ளுகிறதா என்று பாருங்கள். மருத்துவர் எடை பார்த்துத் தரும் ஐவர்மெக்டின் என்ற மருந்துக்கு இது கேட்கும். நாய்க்கு வாங்கியதை நீங்களே அளந்து கொடுக்காதீர்கள். கடும் வெயில், காதுத் தொற்றும் காரணமாகலாம்.

வலிப்பின்போது மெத்தென்ற துணியில் விட்டு, செல்போனில் வீடியோ எடுங்கள். அப்புறம் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதைக் காட்டுங்கள்.