பிள்ளைகளைத் திட்டுமுன் டூர் அட்டவணையைப் பாருங்கள்

அந்த வீடியோவைப் பற்றித்தான். எது என்று விளக்க வேண்டியதில்லை, தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை எந்த வாட்ஸப் குழுவும் மிச்சமில்லை. திருவிதாங்கூர் அரசர்களின் பழைய தலைநகர அரண்மனையான பத்மநாபபுரம் கொட்டாரத்தில் டூர் வந்த பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டில் இடிபடுகிறார்கள், ஒரு பையன் கயிற்றைத் தாண்டிக் கை நீட்டுகிறான், பின்னாலிருந்து ஒரு குரல் "நகரு, நகரு" என்று கத்துகிறது. அதற்குக் கீழே நம் பெரியவர்கள் எழுதியிருப்பதையும் வாசித்தேன். "இந்தத் தலைமுறைக்கு மரியாதை தெரியாது." "இதுகளையெல்லாம் உள்ளே விடவே கூடாது."

அந்தப் பையன் கை நீட்டியதைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். "நகரு" என்ற குரல் ஒருவர் காதிலும் விழவில்லை.

பிரச்சினை பிள்ளைகள் இல்லை. அட்டவணை. காலையில் கன்னியாகுமரி, படகு வரிசை, விவேகானந்தர் பாறை. அப்புறம் சுசீந்திரம். அப்புறம் கொட்டாரம். பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம், இருட்டுமுன் திற்பரப்பு அருவியில் குளியல். இதில் படகு வரிசை ஒரு மணி நேரம் இழுத்தால் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே வெட்டுவார்கள்? அருவியில் வெட்டினால் பிள்ளைகள் அழும். கொட்டாரத்தில் வெட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 90 பிள்ளைகள். முகப்பு மண்டபமான பூமுகத்திலிருந்து, மேலே அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி குறுகலானது, செங்குத்தானது, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். ஆளுக்கு 6 விநாடி என்றாலும் 9 நிமிடம், அந்த ஒரு படிக்கு மட்டும். உள்ளே இதுபோல இன்னும் படிகள் உண்டு. 40 நிமிடத்தில் கொட்டாரம் முழுவதும் என்று திட்டம் போட்டால், பிள்ளைகள் பார்ப்பது முன்னால் போகிறவனின் முதுகைத்தான். அறைகளில் நிற்கும் ஊழியர் சொல்வது முதல் பத்துப் பேருக்குக் கேட்கும். மீதி 80 பேர் பேசுவார்கள், தள்ளுவார்கள், கயிற்றைத் தாண்டிக் கை நீட்டுவார்கள். நீங்களும் நானும் அந்த வரிசையில் நின்றாலும் அதைத்தான் செய்வோம்.

இன்னொன்று. உச்சி வெயிலில் முற்றத்தில் நின்றுவிட்டு உள்ளே நுழைகிற கண்ணுக்கு முதலில் எதுவுமே தெரியாது. சாய்வான ஓட்டுக்கூரை தாழ இறங்கியிருக்கும், மந்திரசாலைச் சன்னல்களில் நிறநிறமாக அபிரகம் (மைக்கா) பதித்திருக்கும். வெளிச்சத்தையும் வெக்கையையும் வடிகட்டத்தானே அந்த ஏற்பாடு! தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டுகிற ஊரில், வேளிமலை அடிவாரத்தில் கட்டிய மரவீடு அது. கண் பழகச் சில நிமிடம் பிடிக்கும். அந்தச் சில நிமிடம் முடியுமுன் பிள்ளை அடுத்த அறைக்குப் போயிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று இப்படி டூர் போய் வந்தது. என்ன பார்த்தாய் என்றால், "கட்டில் பார்த்தேன், ஐஸ் தின்னேன்." அந்தக் கட்டிலையாவது பார்த்ததே! 64 மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்வார்களே, அதுதான்.

"சரி, நீ சொல்லு, எப்படிக் கூட்டிப் போகணும்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

அன்றைக்கு வேறு இடமே வேண்டாம். மிஞ்சிப் போனால் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தக்கலையைத் தாண்டி உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் 1741-இல் தோற்ற டச்சுப் படையின் டிலனாய், பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் தளபதியாகிப் புதைந்திருக்கும் இடம். இரண்டும் ஒரே கதை, சேர்த்துப் பார்க்கலாம். 9 மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலோடு முற்றம் தாண்ட முடியாது. செருப்பைக் கழற்றச் சொல்வது சாமிக்காக என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கின்றன. செருப்பில் ஒட்டி வரும் மணல் அந்தக் கறுப்புத் தளத்தைக் கீறிவிடும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெருகேற்றியதாகச் சொல்லப்படும் தளம் அது. அதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நடையே மாறும். புத்தகப்பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் பேருந்திலேயே இருக்கட்டும். திரும்பும்போது பைதான் தூணிலும் சிற்பத்திலும் இடிக்கிறது. கழிப்பறை வேலையை நுழையுமுன் முடித்துவிடுங்கள், பாதி வழியில் திரும்பி வருவது பெரும்பாடு.

15 பேருக்கு ஒரு ஆசிரியர், குழுவுக்குக் குழு 10 நிமிட இடைவெளி. எல்லா அறையையும் விளக்க வேண்டாம், நாலு போதும். பூமுகத்தின் மேற்கூரையில் 90 விதமான பூ வேலை என்பார்கள், ஆளுக்கொரு பூவைத் தேடி வரையட்டும். மணிமேடைக் கடிகாரம் தொங்கும் எடைகளின் இழுப்பில் ஓடுவது, அங்கே அறிவியல் ஆசிரியர் நிற்கட்டும். தாய்க் கொட்டாரத்தின் நாலுகெட்டில், அதாவது நடுவில் திறந்த முற்றம் உள்ள நாற்புறக் கட்டில், ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்து, மழைத்தண்ணீர் எந்த வழியாக விழுந்து எங்கே போகும் என்று யோசிக்கட்டும். நவராத்திரி மண்டபத்தில் மரக் கட்டுமானம் முடிந்து கல் கட்டுமானம் தொடங்குகிறது. ஏன் என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

செலவு கூடுமாம். டீசல் குறையும் சார். படகு டிக்கெட் மிச்சம். பெற்றோர் நிறைய இடம் கேட்கிறார்களாம். ஐந்து இடம் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது யார்? ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது மட்டும் உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"அது கேரளத் தொல்லியல் துறை பார்ப்பது, நமக்கென்ன" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இதுதான் சுருக்கென்று குத்தியது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், கொட்டாரத்தின் பராமரிப்பு மட்டும் கேரளத்திடமே இருந்துவிட்டது. அதனால் கொட்டாரம் மண்ணைவிட்டு எழுந்து போய்விட்டதா? கூரை உத்திரத்தை இழைத்த கை எங்கிருந்து வந்தது? நவராத்திரிக்குத் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இன்றும் இங்கிருந்துதானே திருவனந்தபுரம் போகிறார்கள்? வழியனுப்பச் சாலையோரம் நிற்கும் சனம் யார்? கேரளப் பக்கம் போனால் பாண்டி என்பார்கள், இந்தப் பக்கம் வந்தால் மலையாளத்தான் என்பார்கள். இரண்டு பக்கமும் கேட்டுப் பழகிவிட்டது. நம் பிள்ளைகளும் நம் ஊர் வீட்டை வெளியூர்க்காரன் மாதிரி ஓடிப் பார்த்துவிட்டு வர வேண்டும், அப்படித்தானே?

இன்னும் சொல்கிறேன், சிலருக்குக் கசக்கும். ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டு மண்டபத்தில் ஒரே நேரத்தில் 2000 பேர் சாப்பிடலாம் என்று சொல்வார்கள், பிள்ளைகளும் "ஆ" என்று வாயைப் பிளக்கும். யார் உட்கார்ந்து சாப்பிட்டது? பிராமணர்கள். நெல் யார் வயலில் விளைந்தது, கூலியில்லாத ஊழியம் யார் செய்தது? தலைநகர் இங்கிருந்து போன பிறகும், இதே கல்குளம் வட்டாரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822-இல் வெடித்த தோள்சீலைக் கலகம் ஓய 1859 ஆனது. அந்த வீட்டின் வாசலைக்கூட மிதிக்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று டிக்கெட் எடுத்து மந்திரசாலைக்குள் நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "உள்ளே விடக்கூடாது" என்று எழுத எப்படிக் கை வந்தது? எழுதுமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தீர்களா?

சின்னப் பிள்ளைகளிடம் சாதி பேசலாமா என்று வராதீர்கள். கட்டிலைக் காட்டலாம், வாளைக் காட்டலாம், சோறு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாதா?

டூர் சீசன் வருகிறது. பேருந்துக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் காலண்டரைப் பாருங்கள், திங்கள்கிழமை கொட்டாரம் பூட்டியிருக்கும். மதிய இடைவேளையும் உண்டு. பிறகு அட்டவணையில் மற்ற நாலு இடத்தையும் பேனாவால் அடித்துவிட்டு, என்னைத் திட்ட வேண்டுமென்றால் வந்து திட்டுங்கள்.