"சிலோன் மேல ஏறிடுச்சு, இனி பயமில்ல"

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. காவிரி டெல்டாவில் தலைஞாயிறு பக்கம் எங்கள் ஊர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டிட்வா புயல் இலங்கைக்குள் புகுந்துவிட்டதாக டிவியில் ஓடியது. பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர், "அப்பாடா, சிலோன் மேல ஏறிடுச்சு. இனி நமக்குப் பயமில்ல தம்பி" என்றார். நல்ல மனிதர். ஆறு மாவில், அதாவது இரண்டு ஏக்கரில், தாளடி நெல் நட்டு முப்பது நாள்கூட ஆகவில்லை அவருக்கு. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும்.

சின்ன வயதிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் அப்பா சொல்வார், நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். இனி சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பேச்சு நம்மைப் பல தடவை ஏமாற்றியிருக்கிறது. 2008 நிஷா இலங்கைத் தரையிலேயே உருவாகி, யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மூழ்கடித்துவிட்டுத்தான் காரைக்காலுக்கு வந்தது. போருக்குப் பயந்து வீட்டை விட்டுக் கிளம்பி, தறப்பாளுக்கு அடியில் கிடந்த சனங்கள் மேல் கொட்டிய மழை அது. அதே மழை ஒரத்தநாட்டிலும் திருவாரூரிலும் கொட்டியதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, தீவைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்கு வந்து நகராமல் நின்றுவிட்டது. "வலுவிழந்தது, வலுவிழந்தது" என்று செய்தி வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 சென்டிமீட்டர் பெய்தது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. இன்னும் பின்னால் போனால் 1964 டிசம்பர். அந்தமான் பக்கம் கிளம்பி, இலங்கையைக் குறுக்கே கடந்து வந்த புயல்தான் தனுஷ்கோடியை ரயிலோடு கொண்டுபோனது. தீவு தடுத்துவிடும் என்றால் அன்றைக்குத் தடுத்திருக்க வேண்டாமா?

"வலுவிழந்தது" என்ற சொல்லில்தான் கோளாறு இருக்கிறது. அந்தச் சொல் காற்றின் வேகத்தைப் பற்றியது. தரை ஏறினால் கடலின் சூடும் ஈரமும் கிடைக்காது, காற்று தணியும், சரி. ஆனால் மேலே ஏற்கெனவே திரண்டு நிற்கிற மேகம் எங்கே போகும்? அது மெல்ல நகர்ந்தால் போகிற வழியெல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் போகும். காற்று அடித்துப் போட்டது எப்படி இருக்கும் என்று 2018இல் கஜா காட்டியது; பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை அடிப்பது வேறு மாதிரி. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். இருபது சென்டிமீட்டர் என்றால் எட்டு லட்சம் லிட்டர். நம் மண் தாம்பாளம் மாதிரி தட்டையானது. வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்து, அமாவாசையும் சேர்ந்து, கடலும் தண்ணீரை வாங்காவிட்டால் அத்தனையும் பயிர் மேல்தான் நிற்கும். டிட்வா நம் கரையில் ஏறாமல், கடலோரமாகவே வடக்கே நகர்ந்து போன புயல். அதற்கே நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வயலெல்லாம் ஏரியாகிவிட்டது. டீக்கடை அண்ணனின் ஆறு மாவும் அதில் ஒன்று.

இது கணக்கு. இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். சிலோன் ஆயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் திரும்பி வந்த குடும்பம். பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தங்கை பிள்ளைகள் இன்னும் அங்கேதான். டீக்கடையில் நாங்கள் "அப்பாடா" என்றுகொண்டிருந்த அதே நாள், கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்துகொண்டிருந்தன. இங்கே தண்ணீர் தேங்கும். அங்கே மண்ணே இறங்கி வரும். இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகள், ஈரக்காற்று அதில் முட்டி மேலேறினால் கொட்டித் தீர்த்துவிடும். சரிவில்தான் லயங்கள். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனது நினைவிருக்கிறதா? டிட்வாவில் அந்தத் தீவில் செத்தவர்கள் அறுநூறுக்கும் மேல். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று மழை பார்க்கவில்லை.

ஆயா நான்கு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தார். "எடுக்கமாட்டேங்கிறாங்க தம்பி, நீ ஒருக்கா போட்டுப் பாரு" என்று ஒவ்வொரு வேளையும் வந்து நிற்பார். ஐந்தாம் நாள்தான் லைன் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை, வீடு இல்லை. ஆயா அழவில்லை. "சோறு குடுக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு டீக்கடையில் நானும் தலையாட்டினேன் என்பது அவருக்குத் தெரியாது. அதுதான் இத்தனை மாதமாக உறுத்துகிறது.

அந்த மலைத் தோட்டங்களுக்கு ஆள் போனதே திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாதிரியான நம் சீமைகளிலிருந்துதான். இந்தக் கரையில் நம் மீனவர் சொல்கிற வாடையும் கொண்டலும் கச்சானும் சோளகமும்தான் யாழ்ப்பாணத்துக் கடலிலும் காற்றின் பெயர்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது எவ்வளவு பூரித்தோம்! அந்தக் கப்பலையே வாடைக்காலம் வந்தால் நிறுத்திவிடுகிறார்கள், ஒரே கடல், ஒரே காற்று என்பதால்.

டிவிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "இலங்கையில் கரையைக் கடந்தது" என்று சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போகாதீர்கள். எந்த மாவட்டம், எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு மெல்ல நகர்கிறது என்று சொல்லுங்கள். அங்கே பெய்தது என்ன என்று தெரிந்தால் இங்கே எங்களுக்கு ஒரு நாள் கையில் கிடைக்கும். ஒரு நாள் இருந்தால் வடிகாலில் மண்டியதை அரித்துப் போடலாம், வரப்பை வெட்டி விடலாம், மாட்டை மேட்டில் கட்டலாம். அரசாங்கம் தூர்வாரும் வேலையைக் குறுவைத் தண்ணீருக்காகக் கோடையில் பாசன வாய்க்காலில் காட்டுகிற அக்கறையில் பாதியாவது ஐப்பசிக்கு முன்னால் வடிகாலிலும் காட்ட வேண்டும்.

இந்த ஐப்பசிக்கு எங்கள் தெரு இளைஞர்கள் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். வங்கக்கடலில் தாழ்வு என்று செய்தி வந்த அன்றே வடிகாலில் இறங்குவது என்று பேச்சு. ஆயாவின் போனில் பதுளை நம்பரை நானும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். துறைமுகத்தில் முதல் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினதும் கூப்பிட வேண்டும்.