மெரினா மரப்பாதையும் எங்க ஏரியா பார்க் கேட்டும்

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்து எட்டு வருஷம் ஆகுது. வாரா வாரம் மெரினா போயிட்டிருந்த மனுஷன். அதுக்கப்புறம் பீச்னா சர்வீஸ் ரோட்டுல ஆட்டோவுக்குள்ள உக்காந்துக்கிட்டு தூரத்துல தெரியற கடலைப் பாத்துட்டு வர்றதுதான்னு ஆயிடுச்சு. மணல்ல வீல்சேர் தள்ளிப் பாத்தவங்களுக்குத் தெரியும், முன்னாடி இருக்கற குட்டிச் சக்கரம் நாலடி போறதுக்குள்ள புதைஞ்சுரும், அப்புறம் ஆளோட சேத்துத் தூக்கணும். தூக்கறதுக்குப் பசங்க ஓடி வருவாங்க, அதுல குறையே இல்ல. ஆனா தூக்கிட்டுப் போறப்போ அப்பா கண்ணை இறுக்கி மூடிக்குவார். அதைப் பாத்ததுக்கப்புறம் நாங்க அப்படிக் கூட்டிட்டுப் போறதையே விட்டுட்டோம்.

2022 நவம்பர் 27ல மெரினால மாற்றுத்திறனாளிகளுக்காக நிரந்தர மரப்பாதை திறந்தாங்க. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.14 கோடி ரூபா. அது சும்மா வந்துரல, மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு, டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி சில நாளைக்கு மட்டும் தற்காலிகமா பாதை போட்டுட்டுப் பிரிச்சுட்டு இருந்ததுக்கு அப்புறம் கிடைச்சது. ரெண்டு வாரம் கூட ஆகல, மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்து முனையைப் பிச்சுப் போட்டுருச்சு. உடனே ஆளாளுக்கு காசு தண்டம்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. புயல்ல ரோடு போனா ரோடே வேணாம்னு யாராவது சொல்றோமா? கேக்க வேண்டிய கேள்வி வேற. கார்த்திகை மார்கழில நம்ம கடல் எப்படி இருக்கும்னு கடலோர மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அந்தக் கடைசித் துண்டை மட்டும் கழட்டி மாட்டற மாதிரி செஞ்சிருக்கலாமே. கான்கிரீட் கொட்டுங்கன்னு நான் சொல்லல, அது ஆமை முட்டை போட வர்ற கரை, ஜனவரிலருந்து பங்குனி வரைக்கும் அதுங்களுக்கும் அந்த மணல் வேணும், ராத்திரி பளிச்சுனு லைட் போட்டாலே குஞ்சுங்க கடலை விட்டுட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிரும்.

சரி பண்ணதுக்கப்புறம் அப்பாவைக் கூட்டிட்டுப் போனோம். பாதி தூரத்துலயே உப்புக்காத்து மூஞ்சில அடிக்க ஆரம்பிச்சுது, அப்பா இடது கையால என் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். கைப்பிடிக் கட்டையை ரெண்டு தடவை தடவிப் பாத்தார். "யாரும் தூக்க வேணாம்ல?"னு கேட்டார். அவ்வளவுதான் பேசினார்.

இப்போ எங்க ஏரியா பார்க்குக்கு வருவோம். புதுசா புதுப்பிச்சாங்க, பெயிண்ட், நீரூற்று, ஜிம் கம்பி எல்லாம் வந்துச்சு. வாசல்ல பைக்கும் மாடும் உள்ள வரக்கூடாதுன்னு சுத்துற கேட் வச்சுட்டாங்க, அதுல வீல்சேரும் போகாது, குழந்தை தள்ளுவண்டியும் போகாது. பக்கத்துல பெரிய கேட்டுக்குப் பூட்டு, சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் டீக்கடைல. உள்ள போனா சாய்தளம் இருக்கு, ஆனா வழுக்குப்பாறை மாதிரி செங்குத்தா இருக்கு. ஒரு அடி ஏறணும்னா 12 அடி நீளம் வேணும்ங்கறது கட்டட வேலை பாக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான், இங்க நாலடிகூட இல்ல. கழிவறை வாசல்ல வீல்சேர் படம் போட்ட போர்டு, கதவு அகலம் நான் டேப் வச்சு அளந்தேன், 60 சென்டிமீட்டர். அப்பா நாற்காலி 65. அன்னிக்கு அப்பாவுக்கு அவசரம். அதுக்கு மேல எழுத மனசு வரல.

இதெல்லாம் காசு இல்லாததால வந்த குறை இல்ல, அதே கதவை 90ல போட்டிருந்தா என்ன பெரிய செலவு ஆகியிருக்கும். டிராயிங் போடறப்போ நாற்காலில உக்காந்த ஒருத்தரைக் கூப்பிட்டு, ஆட்டோ நிக்கற இடத்துலருந்து பெஞ்ச் வரைக்கும், பெஞ்ச்லருந்து கழிவறை வரைக்கும் ஒரு தடவை உருட்டிட்டுப் போகச் சொல்லிருந்தா அரை மணி நேரத்துல எல்லாம் தெரிஞ்சிருக்கும். அடுத்த வார்டுலயும் பார்க் வேலை ஆரம்பிக்கப் போறாங்களாம், இன்னும் கேட் வைக்கல. அளந்து எழுதின பேப்பரோட திங்கக்கிழமை மனு குடுக்கப் போறேன், அப்பாவும் வர்றேன்னு சொல்லிருக்கார். ஏரியால வீல்சேர்ல, வாக்கர்ல இருக்கற யார் வீட்டுலயாவது இதைப் படிச்சா கூட வாங்க.