கடைசி விசில் வரை உட்கார ஒரு வழி வேண்டும்

எண்பதாவது நிமிடம். சென்னை பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம். கேலரியே எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கிறது. நானும் என் அக்கா மகனும் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் காலையும் மிதித்துவிடாமல் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தோம். எழும்பூரில் 9.40-க்கு மதுரை போகிற பாண்டியன் எக்ஸ்பிரஸ். மறுநாள் திங்கட்கிழமை. அவனுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு வேலை.

சாலைக்கு வந்து ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து அந்தச் சத்தம் வந்தது. கால்பந்து பார்க்கிறவர்களுக்கு அது என்ன சத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "மாமா, கோல்" என்றான். அவ்வளவுதான். செங்கல்பட்டு தாண்டும்வரை அவன் வேறு எதுவும் பேசவில்லை. பதினாலு வயசுப் பையன். ஒரு மாதமாகக் காலண்டரில் நாளை அடித்து அடித்துக் காத்திருந்தவன்.

அந்த ராத்திரியிலிருந்து எனக்கு ஒரு எண்ணம் விடாமல் இருக்கிறது. ஸ்டேடியம் என்றால் நாம் புல்தரையைப் பேசுகிறோம், விளக்கைப் பேசுகிறோம், எத்தனை ஆயிரம் பேர் உட்காரலாம் என்று பேசுகிறோம். அங்கே வந்தவர்கள் ஆட்டம் முடிந்து எப்படி வீடு போய்ச் சேருவார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. வெளியூர்க்காரனுக்கு ஸ்டேடியம் எழும்பூர் பிளாட்பாரத்தில் தொடங்கி அதே பிளாட்பாரத்தில்தான் முடிகிறது. நடுவில் இருப்பதை மட்டும் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30-க்குத் தொடங்கும். இரண்டு பாதி சேர்த்துத் தொண்ணூறு நிமிடம், இடைவேளை பதினைந்து, நடுவில் வீணான நேரத்துக்காகக் கடைசியில் சேர்க்கிற இன்ஜுரி டைம் ஐந்து, ஆறு, சில நாள் பத்துகூட. ஆக 9.25. அந்தக் கூட்டத்தோடு வாசலுக்கு வர பத்து நிமிடம். எழும்பூர் ஸ்டேஷன் பக்கம்தான், ஆனாலும் ஓடியே போனாலும் 9.40 வண்டியில் கால் வைப்பது உறுதியில்லை. யார் மேலும் குற்றம் இல்லை. ரயில் அதன் நேரத்துக்குப் புறப்படுகிறது, ஆட்டம் டி.வி. நேரத்துக்கு நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் மதுரைக்காரன், விருதுநகர்க்காரன், திருச்சிக்காரன்.

முன்பெல்லாம் இன்னொரு வழி இருந்தது. ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டு நேரு பார்க்கிலோ எழும்பூரிலோ மெட்ரோ ஏறினால் நேராகக் கோயம்பேடு. ஏறின வண்டியை விட்டு மாறக்கூட வேண்டாம். பதினோரு மணிக்கு மேல் மதுரை பஸ்ஸில் உட்கார்ந்துவிடலாம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. பேருந்து நிலையம் பெரியது, வசதியானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மெட்ரோ அங்கே போகவில்லை. நான் போன நாட்களில் மின்சார ரயிலில் வண்டலூரோ ஊரப்பாக்கமோ போய், அங்கிருந்து திரும்ப ஒரு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

காரில் போனால் என்ன என்று கேட்பார்கள். போயிருக்கிறேன், ஒரே ஒரு தடவை. மதுரையிலிருந்து சென்னை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். போகும்போது ஒன்றும் தெரியாது, பேச்சும் சிரிப்புமாக நேரம் ஓடிவிடும். திரும்பும்போதுதான் விஷயம். ஆட்டம் முடிந்து, சாப்பிட்டு, தாம்பரம் நெரிசலைத் தாண்டும்போதே நள்ளிரவு. விழுப்புரம் தாண்டிய பிறகு பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நாலு வழிச் சாலை நேராக, இருட்டாக ஓடுகிறது. ஓட்டிய நண்பன் ஒரு நொடி கண் அசந்தான், வண்டி ஓரக்கோட்டைத் தொட்டது. அப்படியே நிறுத்திவிட்டு ஒரு டீக்கடை வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஆட்டம் பார்த்த அதே ராத்திரி காரில் மதுரைக்குத் திரும்பாதீர்கள். எந்த ஆட்டமும் அதற்கு ஈடாகாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் எனக்குக் கொச்சியில் கிடைத்தது. நாங்கள் போனபோது முதல் நாள் மாலை மதுரையில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினோம். பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக ராத்திரி எர்ணாகுளம் டவுனில் இறங்கினோம். தெரிந்தவர் அறையில் தங்கினோம். மறுநாள் ஆட்டம் கலூர் ஸ்டேடியத்தில். அதன் வாசலிலேயே மெட்ரோ ஸ்டேஷன், பெயரே ஸ்டேடியத்தின் பெயர்தான். உள்ளூர் அணியின் மஞ்சள் சட்டைக் கூட்டம் ஒரு ரயிலிலிருந்து மொத்தமாக இறங்கி அப்படியே கேட்டுக்குள் போவதைப் பார்த்து என் அக்கா மகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. கார் வைத்திருக்கிறவர்கள்கூட ஆலுவா பக்கம் வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் வருகிறார்கள்.

கடைசி விசில் ஊதினார்கள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றிவந்து கைதட்டியதைப் பார்த்தோம். அப்புறம் நிதானமாக மெட்ரோ ஏறி, கலூர் அடுத்து டவுன்ஹால், அங்கே இறங்கினால் பக்கத்திலேயே எர்ணாகுளம் டவுன் ரயில் நிலையம். மதுரைக்கு வருகிற அமிர்தா நள்ளிரவு தாண்டித்தான் அங்கே வரும். நேரம் நிறைய இருந்ததால் பரோட்டா சாப்பிட்டோம். காலை பத்து மணிவாக்கில் மதுரை ஜங்ஷன். அந்தப் பயணம் முழுக்க அவன் பேசிக்கொண்டே வந்தான். இரண்டாவது கோலை எனக்கு நாலு தடவை விளக்கினான், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்பதையே மறந்து.

வேறு மாநிலம், வேறு மொழி. அங்கே ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்புவது, சொந்தத் தலைநகரில் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட எனக்கு எளிதாக இருந்தது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இதைச் சரிசெய்ய வழியே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஜெர்மனி 2006-இல் உலகக்கோப்பை நடத்தியபோது ஆட்ட டிக்கெட்டே அன்றைக்கு அந்த நகரத்தின் பஸ், ரயிலுக்கும் டிக்கெட். கத்தார் 2022-இல் ரசிகர் அட்டை வைத்திருந்தவர்களுக்கு மெட்ரோவில் காசு வாங்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். நடந்தபோது டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் போக ஏற்பாடு செய்தார்களே. கிரிக்கெட்டுக்குச் செய்யத் தெரிந்தது எல்லா விளையாட்டுக்கும் செய்யத் தெரியும். மாலை 5 மணி ஆட்டங்கள் இன்னும் கொஞ்சம் அதிகம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, சென்னையை விடுங்கள். நம் மதுரைக்கு வருகிறேன்.

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் தல்லாகுளத்தைத் தாண்டினால் இருக்கிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரம். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஹாக்கி உலகக்கோப்பை ஆட்டங்கள் சென்னையோடு சேர்த்து இங்கேயும் நடந்தன. மதுரையில் உலகக்கோப்பை! என் பள்ளிக்கூட நாளில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஹாக்கிக்கு வந்தது நாளைக்குக் கால்பந்துக்கும் வரும் என்றுதான் நினைக்கிறேன். வரத் தகுதியுள்ள ஊர்தான் இது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. பெண்கள் 2019-இல் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் கோப்பையையே வென்றார்கள். நான் அதை மறுநாள் பேப்பரில் படித்தேன். நம் பிள்ளைகள் நாட்டிலேயே முதலாக வந்ததைப் பேப்பரில் படிப்பதும், கேலரியில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்துவதும் ஒன்றில்லை.

அப்படி ஒரு ஆட்டம் இரவு வெளிச்சத்தில் ரேஸ்கோர்ஸில் நடக்கிறது என்று வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் யார்? மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் பக்கத்துப் பிள்ளைகள். பந்து விளையாடுகிற பெண் பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் வருவது கஷ்டமில்லை. ஒன்பதரை மணிக்கு ஆட்டம் முடிந்து, மாட்டுத்தாவணியோ ஆரப்பாளையமோ போய், அங்கிருந்து ஊருக்குக் கடைசி வண்டி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்காது என்று தெரிந்தால் எந்த அம்மாவும் மகளை அனுப்பமாட்டாள். அது தப்பும் இல்லை. கேலரி காலியாக இருந்தால், மதுரையில் கால்பந்துக்குக் கூட்டம் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

மெட்ரோ வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. திருமங்கலம் - ஒத்தக்கடைத் திட்டத்தை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. கையில் இருப்பது பஸ்தான், அது போதும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் எத்தனை லட்சம் சனம் இதே தல்லாகுளத்தில் கூடுகிறது! விடிய விடிய சிறப்புப் பேருந்து ஓடுகிறது. எந்தச் சாலையை அடைப்பது, எங்கே வண்டியைத் திருப்புவது, எந்த இடத்தில் எந்த ஊர் பஸ் நிற்பது என்பதெல்லாம் இந்த ஊருக்கு மனப்பாடம். ஸ்டேடியத்துக்கு வருவது அதில் நூறில் ஒரு பங்குகூட இராது. வாசலை ஒட்டிய இடத்தைக் கார்களுக்கு விடாமல் பத்து டவுன் பஸ்ஸை அங்கே நிறுத்தி, விசில் ஊதிய அரை மணி நேரத்தில் மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் எடுத்தால் போதும். அந்த நேரத்தை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். ஆட்டம் 7.30 மணி என்று போடுகிற இடத்துக்குக் கீழே, உசிலம்பட்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணி என்று ஒரு வரி. அதைப் பார்த்த பிறகு அம்மாக்கள் அனுப்புவார்கள், தாங்களும் கூடவே வருவார்கள்.

என் அக்கா மகன் இப்போது ரேஸ்கோர்ஸில்தான் பயிற்சிக்குப் போகிறான். லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அடுத்த சீசன் அட்டவணைக்காகக் காத்திருக்கிறான். "சென்னையில சனிக்கிழமை அஞ்சு மணி மேட்ச் ஏதாவது இருக்கான்னு பாருங்க மாமா" என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். எந்த அணியோடு என்று அவன் கேட்கவே இல்லை.